வினா எழுப்பியவர் யார்?

நிலாவெளியை அடுத்த திருகோணமலைக் கடலின் ஆழத்தை இலங்கைத் திரைக்கு வண்ணத்திற் கொண்டுவந்த பெருமை, மைக் வில்சனின் ‘ரன் முத்து தூவ’ (1962) என்னும் சிங்களப் படத்துக்கு உரியது. பெண் மனத்தின் ஆழத்துள் இறங்க முற்பட்ட ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கோ வண்ணம் வாய்க்கவில்லை. பார்ப்போரும் மிகுதியாக வாய்க்கவில்லை. 1977இல் வெளிவந்த ‘பொன்மணி’ அது.

யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராகவிருந்த தர்மசேன பத்திராஜ இதனை இயக்கினார். எழுத்து காவலூர் இராசதுரையுடையது. சீதனப் பிரச்சினையால் மூத்தவளின் மணம் தள்ளிப்போகும் வீட்டில், இளையவள் பொன்மணி சாதியெல்லை கடந்து ஒருவனைத் தேர்ந்து அவனோடு புறப்பட்டுவிடுகிறாள். அவளது வேட்கை கூற்றிலன்றிச் செயலிலேயே புலப்படுகிறது. தென்னிந்தியப் படங்களின் பாட்டுக்கும் வசனத்துக்கும் பழகிய செவிகளுக்கு அந்த அடக்கம் வெறுமையாகத் தோன்றியிருத்தல் கூடும். ஆயினும், பாலியல் விடுதலை என்பது சீதனமும் சாதியும் ஆளும் ஊரில் முதற்கண் துணையைத் தேரும் உரிமையே என்பதை இதனினும் நேராக உணர்த்திய ஈழத்துப் படம் அரிது.

மேற்கில் இப்பொருள் வேறு வடிவங் கொண்டது. சுவீடனில் வில்கொட் ஷோமன் 1967இல் எடுத்த ‘ஆர்வமிக்கவள் நான்’ என்னும் படத்தை அமெரிக்கச் சுங்கத்துறை ஆபாசமெனக் கைப்பற்றியது. 1968இல் மேன்முறையீட்டு நீதிமன்றமே அதனை விடுவித்தது. அவ்வழக்கின் ஆரவாரத்தில் ஒன்று மறக்கப்பட்டது. நாயகி லேனா ஒலிவாங்கியைக் கையிலேந்தி, சுவீடனில் வர்க்க வேறுபாடு உண்டா என வழிப்போக்கரை வினவித் திரிகிறாள். தன் உடலை ஆராய்பவளே தன் நாட்டையும் ஆராய்கிறாள்.

தமிழகத்தில் 1978இல் வந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ படத்திலும் பேட்டிகள் உண்டு. ஆனால், பெண்களைப் பற்றிய ஆவணப்படத்துக்காக வினவுபவன் அருண் என்னும் ஆடவன். பரிவுடையவன்தான், எனினும் வினவும் உரிமை அவனுடையது. ஆடவர் பலரால் ஏமாற்றப்பட்ட மஞ்சு, அவனது ஆய்வுக்குத் துணையாகவும் பொருளாகவும் ஆகிறாள். வெளிவந்த காலத்தில் இப்படமும் வணிக வெற்றி காணவில்லை.

இறுதிக் காட்சியில் மட்டும் நிலைமை மாறுகிறது. வேறொருத்தியை மணந்து வந்த அருணோடு காரில் அமர்ந்து, பெண் விடுதலை பற்றி அப்புது மனைவியிடம் மஞ்சுவே வினவுகிறாள். தனக்கொன்றும் தெரியாது என்கிறாள் அவள். மஞ்சு இறங்கி வீதியில் நிற்க, கார் போய்விடுகிறது.