கழுத்தோடு வெட்டப்பட்ட தாரா

பத்திரிகைத் தொழிலில் நான் உடன்பட்டுப்போன பிழைகள் பல. அவற்றுள் ஒன்று இன்னும் உறுத்துகிறது. வாரப் பதிப்பொன்றுக்காகத் தாரா தேவியின் சிலையை முழுமையாகக் காட்டும் நிழற்படமொன்றைத் தெரிவுசெய்திருந்தேன். “குடும்பங்கள் படிக்கும் பத்திரிகை, இது வேண்டாம்” என்றது ஆசிரியபீடம். நான் வாதாடவில்லை. படம் கழுத்தோடு வெட்டப்பட்டு, முகம் மட்டுமே அச்சேறியது.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட அச்சிலை, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படுகிறது. இலங்கையில் மகாயான பௌத்தமும் வழக்கிலிருந்த காலம் அது. பொன்முலாம் பூசிய வெண்கலம். உயரம் 143 சென்ரிமீற்றர். முன்னாள் தேசாதிபதி றொபேட் பிரவுண்றிக் 1830இல் அதனைப் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தார். அங்கே அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. ஆய்வாளர் மட்டுமே காண முடிந்தது. திறந்த மார்பும் சிறுத்த இடையும் அக்கால ஆங்கிலக் கண்களுக்கு ஆபாசமாகத் தோன்றினவாம்.

வேடிக்கை என்னவெனில், 1816இல் வாங்கப்பட்ட கிரேக்கப் பார்த்தினன் கோயிற் சிற்பங்கள் அதே நூதனசாலையில் வெளிப்படையாகவே இருந்தன. அவற்றிலும் ஆடையற்ற உடல்களுக்குக் குறைவில்லை. ஆனால் கிரேக்கத் தெய்வங்களை வணங்குவோர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அவை கலையாகிவிட்டன. தாராவோ வழிபாட்டுக்குரியவள். வணங்கப்படும் ஒருத்திக்கு இத்தகைய அழகிய உடல் இருக்கலாம் என்பதையே அவர்களால் ஏற்க முடியவில்லை என்பது என் எண்ணம்.

நமது சிற்பியோ மனித உடலைப் பார்த்துப் பிரதிசெய்தவனல்லன். கண்ணுக்கு மீன், இடைக்கு உடுக்கை, கைக்கு யானைத் துதிக்கை என உவமைகளாலும், தாலமான அளவுகளாலும் தெய்வ உருவைச் சமைத்தவன். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியதும் இதனையே: இவ்வுருவங்கள் தியானத்திற்காக வடிக்கப்பட்டவை, இயற்கையின் நகல்கள் அல்ல. நம் கோயில்களில் அம்பாளின் திருமேனியைப் பட்டாலும் மாலையாலும் மூடியே காண்கிறோம். பழகிய கண்ணுக்கு, மூடாத தெய்வம் திடுக்கிட வைக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்தவரை மட்டும் குறைகூற நமக்கு உரிமையில்லை.

பிற்பாடு இலண்டனில் அச்சிலையின் முன் நின்றேன். முதலில் என் கண்ணிற் பட்டது மார்பும் அன்று, இடையும் அன்று. கீழ்நோக்கி விரிந்த வலக்கை. வரமருளும் முத்திரை. அள்ளி எடுத்துக்கொள் என்பதுபோல அவ்வளவு இயல்பாக அது தாழ்ந்திருந்தது. உயர்ந்த மகுடத்தின் முகப்பில் வெறுமையாய் ஒரு குழி. முன்பு அதில் பதித்திருந்தது எதுவோ, இன்று இல்லை. பக்கத்தில் நின்ற பாடசாலைச் சிறுமியொருத்தி தன் கையையும் அவ்வாறே தாழ்த்திப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் பத்திரிகை நறுக்கு என் கோப்பில் இன்னும் இருக்கிறது. அதில் அந்தக் கை இல்லை.