இணையவழிப் பாடங்களில் ஆசிரியர் – மாணவர் தொடர்பு

இணையவழிப் பாடத்தில் ஆசிரியரும் மாணவரும் கேட்டும் விளக்கியும் திருத்தியும் நடத்தும் இருவழிப் பரிமாற்றமே இத்தொடர்பு. இதன் வேர் தபாலில் உள்ளது. இங்கிலாந்தில் பென்னித் தபால் வந்த 1840-இல் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சல்வழியே கற்பித்தார்; மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பியதே அவர் முறையின் உயிர். இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இலும் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. பாடம் வீடு தேடி வந்தது. ஐயம் தீரவோ நேர்முக வகுப்புவரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்து வந்த ஊடகங்களும் பாடத்தைத்தான் விரைவாகக் கொண்டுசேர்த்தன. 1975-76-இல் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள்வழி தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றன. பார்த்தவரால் அதே வழியில் கேள்வி கேட்க இயலவில்லை. 2004-இல் ஏவப்பட்ட எடுசாட் என்னும் கல்விச் செயற்கைக்கோள் அக்குறையை ஓரளவு போக்கியது.

தமிழகத்தில் 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். சென்னை ஐஐடியின் பங்களிப்போடு வளர்ந்த என்பிடெல் என்னும் இணையவழிக் கல்வித் திட்டம் 2014 முதல் சான்றிதழ்ப் பாடங்களை நடத்துகிறது. ஆயிரக்கணக்கானோர் சேரும் பாடத்தில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பதில் தர முடியுமா என்பது நியாயமான கேள்வி. வாராந்தர ஒப்படைப்பைக் கணினி திருத்திவிடும் என்பது வழக்கமான விடை. கணினி தரும் மதிப்பெண், விடை தவறு என்பதைக் காட்டும்; சிந்தனை எங்கே பிசகியது என்பதைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே உதவி ஆசிரியர்களைப் பெருக்குவது பாடத்தின் அடிப்படைச் செலவாகக் கருதப்பட வேண்டும். ஆர்வமுள்ளவர் காணொளியை மட்டும் பார்த்தே கற்பதில்லையா என்பாரும் உண்டு. கற்கிறார்கள்தான், ஆனால் அவர்கள் முன்பே கற்கும் வழி அறிந்தவர்கள். எதைக் கேட்பது என்றே தெரியாமல் தயங்கும் மாணவருக்கே ஆசிரியரின் மறுமொழி மிகவும் தேவை.

தமிழகத்தின் சேர்வராயன் மலையில் இத்தேவை கூர்மையாகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டைச் சுற்றிய மலையாளிப் பழங்குடியினர் ஊர்களிலும், கிளியூர் போன்ற பள்ளத்தாக்கை ஒட்டிய இடங்களிலும், முகட்டு மறைவிலுள்ள வீட்டுக்குக் கைபேசி அலைவரிசை எளிதில் எட்டாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. அதுவும் ஒருவழிப் பாதையே. அத்தகைய ஊருக்கு நேரலை வகுப்பைவிட, குரல்பதிவாகவோ குறுஞ்செய்தியாகவோ குறித்த நாளுக்குள் வந்துசேரும் பதில் பொருத்தமானது. குறைந்த இணைய வேகத்திலும் அது போய்ச்சேரும். மறுமொழி தருபவரே நேரில் இருப்பது மற்றொரு வழி: 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, குழந்தைகளின் இருப்பிடத்துக்கு அருகிலேயே தன்னார்வலர்கள் கற்பிக்க வழிசெய்தது.