வாங்கிய வட்டு யாருக்குச் சொந்தம்?

பினாங்கு ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே லிட்டில் இந்தியா. கடை வாசல் ஒலிபெருக்கிகளில் தமிழ்ப் பாட்டு ஓயாத பகுதி. இசைத்தட்டு, ஒலிநாடா, குறுவட்டு என்று பாட்டு வீடு மாறிக்கொண்டே வந்ததை மூத்த நேயர்கள் நேரில் கண்டவர்கள். 1990களின் பிற்பகுதியில் திரைப்படம் விசிடியாக மலேசிய வீடுகளுக்கு வந்தது. ஒரு வட்டில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும். ஆகவே ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள்.

அந்த வட்டு விண்டோஸ் கணினியில் ஓடியது. லினக்ஸ் கணினியில் போட்டால் அடம்பிடித்தது. ஏன்? இந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், முதலில் ஊமையாகத்தான் இருந்தது. அதற்குக் குரல் கொடுத்தவர் இன்னொரு ஃபின்லாந்துக்காரர், ஹன்னு சவோலைனன். 1992இல் அவர் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைக்கு இயக்கி எழுதினார். அந்த அட்டை நமது அண்டை நாடான சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத் தயாரிப்பு. பின்னர் 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 கருவகத்தில் அல்சா என்ற புதிய ஒலி அமைப்பு சேர்ந்தது. அதை நிறுவியதும் பலர் ஒலி அட்டை பழுதென்றே நினைத்தார்கள். உண்மையில் ஒலி அளவு பூஜ்யத்தில் மூடிக் கிடந்தது. அதைத் திறந்துவிட்டால் பாட்டு வந்தது.

விசிடியின் சிக்கல் வேறு. வட்டிலுள்ள படக் கோப்பை வன்தட்டுக்கு நகலெடுக்கப் போனால் பிழைச் செய்தி வரும். காரணம், சாதாரணத் தரவு வட்டில் ஒரு துண்டுக்கு 2048 பைட்டுகள். விசிடியின் படப் பகுதியிலோ 2324. ஆகவே கோப்பாகப் படிக்காமல் தடமாகப் படிக்க வேண்டும். முதல் தடத்தில் அட்டவணை, இரண்டாம் தடத்திலிருந்து படம். ஹங்கேரியில் 2000இல் பிறந்த எம்பிளேயரிடம் 'இரண்டாம் தடத்தை ஓட்டு' என்று கட்டளையிட்டால் படம் ஓடியது.

இவையெல்லாம் பொறியியல் சிக்கல்கள். பொறுமை இருந்தால் தீர்ந்துவிடும். பொறுமையால் மட்டும் தீராதவையும் இருந்தன. அவை சட்டச் சிக்கல்கள்.

எம்பி3 வடிவத்துக்குக் காப்புரிமை இருந்தது. அதனால் 2002இல் ரெட் ஹாட் நிறுவனம் தனது லினக்ஸ் 8.0 பதிப்பிலிருந்து எம்பி3 வசதியையே நீக்கியது. டிவிடியில் பூட்டு இருந்தது. சாவி உரிமம் வாங்கிய நிறுவனங்களிடம் மட்டும். 1999இல் நார்வேயின் யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுச் சிறுவன், வேறு இருவருடன் சேர்ந்து அந்தப் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டான். வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலை. காசு கொடுத்து வாங்கிய வட்டைப் பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

பட நிறுவனங்களின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. திருட்டு வட்டு மலிந்ததால்தான் மலேசியாவும் 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் இயற்றியது. ஆனால் திருட்டு வட்டு அச்சிடுபவன் பூட்டைத் திறக்க வேண்டியதே இல்லை. பூட்டோடு சேர்த்தே நகலெடுப்பான். வாசலில் நின்றுபோனவர், விலை கொடுத்து வாங்கியவர்தான்.

தமிழருக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. எம்பி3 கோப்பின் பழைய பெயர்ச்சீட்டில் பாட்டின் தலைப்புக்கு 30 பைட்டுகள் மட்டுமே இடம். யுடிஎஃப்-8 யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் பிடிக்கும். பத்துக் குறிகளோடு பெயர் அறுந்துவிடும். அதற்குமேல், டிஸ்கி, டாப், யூனிகோடு என எந்தக் குறியேற்றத்தில் எழுதியது என்று சொல்லவும் அந்தச் சீட்டில் இடமில்லை. பாட்டு ஒலிக்கும்; திரையில் பெயர் மட்டும் கோணல் எழுத்தாகத் தெரியும். கோலாலம்பூரில் 2001இல் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்தின் நிலைமை இதுதான்.

பிறகு எது மாறியது? பிரான்சின் ஃபப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் திட்டத்தில், தன்னார்வலர்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் நிரலை ஒவ்வொன்றாகத் தாமே எழுதினார்கள். பாரிஸ் மாணவர்கள் 1996இல் தொடங்கிய விஎல்சி, 2001 பிப்ரவரியில் திறந்த மென்பொருளானது. எம்பி3 உரிமத் திட்டம் 2017இல் முடிவுக்கு வந்தது.

இதன் பயன் லினக்ஸ்காரர்களோடு நிற்கவில்லை. இணையத்தில் முதலில் ஏறிய தமிழ்ப் பாட்டுகள் பல ரியல் ஆடியோ வடிவத்தில் இருந்தன. அந்த வடிவம் வழக்கொழிந்துவிட்டது. அதைத் திறக்கும் நிரல் எல்லோரிடமும் இருப்பதால் அந்தக் கோப்புகள் இன்றும் பாடுகின்றன. அலமாரியில் கல்யாண விசிடியைப் பத்திரப்படுத்தியிருக்கும் பினாங்குக் குடும்பத்துக்கும் இதே ஆறுதல் உண்டு. வட்டு கெட்டுப்போகாதவரை, அதைப் பார்க்க எந்த நிறுவனத்தின் அனுமதியையும் அவர்கள் கேட்க வேண்டியதில்லை.