கடல்சரக்குச் செலவு (வேளாண் ஏற்றுமதி)

விளைபொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவோர் செலுத்தும் கப்பல் வாடகை, துறைமுகக் கையாளல் கட்டணம், தாமதக் கட்டணம் ஆகியவை சேர்ந்தது கடல்சரக்குச் செலவு. ஏலக்காய் போன்ற விலையுயர்ந்த பொருளுக்கு இது பெரிய பாரமல்ல. மலிவான, இடத்தை அடைக்கும் சரக்குக்கோ லாபநட்டத்தைத் தீர்மானிப்பதே இதுதான். தென்னை நார்க்கழிவு அதற்குச் சரியான சான்று.

கண்டெய்னரில் செல்லும் சரக்குக்கு வாடகை பெரும்பாலும் பெட்டிக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. கிலோ கணக்கில் அல்ல. உயரம் கூடிய 40 அடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 76 கன மீட்டர். ஏற்றக்கூடிய எடை ஏறத்தாழ 26 டன். இடமும் எடையும் ஒருசேர நிரம்பினால்தான் கிலோவுக்கு விழும் வாடகை அடிமட்டத்துக்கு வரும். ஆகவே, வாடகையைக் குறைக்கக் கப்பல் நிறுவனத்திடம் பேரம் பேசுவதைவிட ஆலைக்குள் செய்யும் வேலையே அதிகப் பலன் தருகிறது.

பொள்ளாச்சி வட்டார மட்டை மில்களில் நார் பிரித்தபின் மிஞ்சும் ‘பித்’தை உதிரியாக ஏற்றினால், சில டன்னிலேயே பெட்டி நிரம்பிவிடும். ஹைட்ராலிக் அழுத்தியில் அதை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி 5 கிலோ கட்டிகளாக்கினால் அதே பெட்டியில் 24, 25 டன் வரை ஏறும். வாங்குபவர் தண்ணீர் ஊற்றியதும் கட்டி மீண்டும் உப்பிக்கொள்ளும். அழுத்துவதற்கு முன் களத்தில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் தங்கினால் தண்ணீருக்கும் சேர்த்து வாடகை கட்டியதாகிவிடும். மழைக்காலத்தில் ஏற்றுமதியாளர் படும் பாடு இதனால்தான். பேலட் மீது அடுக்கி அனுப்பினால் கொஞ்சம் இடம் வீணாகும். ஆனால் இறக்கும் நாட்டில் ஆள்கூலி மிச்சமாகும். எது லாபம் என்பது அந்நாட்டுக் கூலியைப் பொறுத்தது.

பழங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே சேமிப்பு விமானத்தை விட்டுக் கப்பலுக்கு மாறுவதில் இருக்கிறது. பச்சை வாழைக்காயை 13 முதல் 14 டிகிரி செல்சியஸில் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் பழுக்காது. மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து நெதர்லாந்துக்கு 2023இல் கடல்வழியாக வாழை அனுப்பிய சோதனை இதை நம்பியே நடந்தது.

சரக்கு செல்லும் வழியும் செலவைத் தீர்மானிக்கிறது. தூத்துக்குடிச் சரக்கில் பெரும்பகுதி சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் செலவு, நாள் இரண்டையும் கூட்டும். 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கிய கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் இதற்கு ஒரு மாற்றுவழி. பயிர்நலச் சான்றிதழில் ஒரு பிழை நேர்ந்து பெட்டி துறைமுகத்தில் தங்கினால், நாள்கணக்கில் ஏறும் தாமதக் கட்டணம் முந்தைய சேமிப்பையெல்லாம் விழுங்கிவிடும்.

இந்திய அரசு 2019இல் வேளாண் ஏற்றுமதிக்குப் போக்குவரத்து உதவித்தொகை அறிவித்தது. ஆனால் உலக வர்த்தக அமைப்பின் 2015 நைரோபி முடிவு, வளரும் நாடுகள் இத்தகைய உதவி தருவதற்கு 2023 இறுதிவரை மட்டுமே இடம் கொடுத்தது. அந்த ஆண்டின் கடைசியில்தான் செங்கடலில் வணிகக் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களால் ஐரோப்பாவுக்கான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் ஏறக்குறைய இரு வாரம் நீண்டு, வாடகையும் ஏறியது. ஏற்றும் துறைமுகம் வரையிலான விலைக்கு விற்றவர்களுக்கு அந்த உயர்வு நேரடியாக விழவில்லை. ஆனால் அடுத்த ஒப்பந்தத்தில் வாங்குபவர் அதை விலையில் கழித்துக் கேட்பது வழக்கம்.