டெபெயோ, டெபெஸ், டெபெட்: ஒரு வினைச்சொல்லின் கடன் கதை

"டெபிட் இடது பக்கம், கிரெடிட் வலது பக்கம்" என்று மனப்பாடம் செய்தே பி.காம். பாஸ் செய்தவர்கள் நம்மில் நிறையப் பேர் (நானும்தான்). அந்த டெபிட் ஒரு லத்தீன் வினைச்சொல்லின் வால் என்று வகுப்பில் யாரும் சொன்னதில்லை.

அந்த வினை "டெபெயோ". 'டே' என்றால் 'இடமிருந்து', 'ஹபெயோ' என்றால் 'வைத்திருக்கிறேன்'. இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிறத்தியாரிடம் வாங்கியதை வைத்திருக்கிறேன், அதாவது கடன்பட்டிருக்கிறேன் என்றாயிற்று. வாய்பாடு நமக்குச் சிரமமே இல்லை. நான் என்றால் டெபெயோ, நீ என்றால் டெபெஸ், அவனோ அவளோ என்றால் டெபெட். பன்மையில் டெபெமுஸ், டெபெடிஸ், டெபென்ட். தமிழ் மாதிரியே விகுதியே ஆளைக் காட்டிவிடும். இறந்த காலம் டெபுயி, எதிர்காலம் டெபெபோ. "டெபிடும்" என்றால் தர வேண்டியது. அதுதான் நம் டெபிட்.

இன்னொரு வடிவம் "டெபென்டுர்": 'அவை தரப்பட வேண்டியவை'. இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டுக் கடன் சீட்டுகள் இந்தச் சொல்லில் ஆரம்பிக்கும். சீட்டுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு டிபெஞ்சர் ஆகிவிட்டது. ஒரு வினைமுற்று முதலீட்டுப் பத்திரமான விந்தை!

டெபெயோவுக்கு இன்னொரு பொருளும் உண்டு: 'செய்ய வேண்டியவன்'. பணம் தர வேண்டியதும் கடமை செய்ய வேண்டியதும் ரோமானியனுக்கு ஒரே வினை. நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கடன் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலைக்கடனும் முடிக்கிறோம், நேர்த்திக்கடனும் செலுத்துகிறோம், வட்டியும் கட்டுகிறோம்.

ஆனால் ரோமில் இந்த வினை லேசான வினை இல்லை. கி.மு. 451-450-ல் எழுதப்பட்ட பன்னிரண்டு பட்டயச் சட்டம் கடனாளிக்கு 30 நாள் தவணை கொடுத்தது. அதற்குள் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவன் அவனைச் சங்கிலியில் 60 நாள் வைத்துக்கொள்ளலாம். இடையில் மூன்று சந்தை நாட்களில் பொது இடத்துக்குக் கொண்டுவந்து, இவன் இவ்வளவு பாக்கி என்று அறிவிக்க வேண்டும். யாரும் மீட்க வராவிட்டால் டைபர் நதிக்கு அப்பால் அடிமையாக விற்கலாம். இது போக "நெக்ஸும்" என்று ஓர் ஒப்பந்தம். கடனுக்கு ஈடு வாங்கியவனின் உடம்பு.

கி.மு. 495-ல் நடந்ததாக லிவி எழுதும் சம்பவம் ஒன்று. கிழவன் ஒருவன் கந்தலோடு சந்தைத் திடலுக்கு ஓடி வருகிறான். பழைய படைத் தலைவன். அவன் போரில் இருந்தபோது எதிரிகள் நிலத்தைக் கொளுத்திவிட்டார்கள். வரி கட்டக் கடன் வாங்கினான், வட்டி ஏறியது, தாத்தா நிலம் போயிற்று, பிறகு அவனே போனான். முதுகில் சவுக்குத் தழும்பு. அவன் நாட்டுக்காகச் சண்டை போட்ட நேரத்தில் விழுந்த கடன் அது. கூட்டம் கொதித்ததில் வியப்பென்ன? மறு வருஷமே சாதாரண ஜனங்கள் நகரத்தை விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தங்களுக்கென்று டிரிப்யூன் பதவியை வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

லிவி கணக்குப்படி கி.மு. 326-ல் பொயிடேலியச் சட்டம் வந்தது. வாங்கிய கடனுக்குச் சொத்துதான் பொறுப்பு, உடம்பு இல்லை என்றது. நடைமுறையில் ஆளைப் பிடித்து வைப்பது உடனே ஒழிந்துவிடவில்லை. ஆனாலும், கடன் விண்ணப்பத்தில் நான் வீட்டுப் பத்திரமும் நகையும் கேட்கிறேனே தவிர ஆளைக் கேட்பதில்லை என்றால், அந்த எண்ணத்தின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று அது.

நம் நாட்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். சுமார் 2,300 வருஷம் கழித்து! அது ஆளை விடுவித்ததோடு நிற்கவில்லை. அவனைக் கட்டிப்போட்டிருந்த கடனையே இல்லாமல் செய்தது. டெபெட் என்று எழுதியிருந்த வரியை அப்படியே அடித்துவிட்டார்கள்.