கோஷா மருத்துவமனையின் வாசல்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், மயில்களுக்குப் பெயர்பெற்ற விராலிமலையில், இன்று ஒரு பெண் கருவுற்றால் சில வாரங்களுக்குள் அவள் பெயர் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. எடை, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று அடுத்தடுத்து அழைப்பு வருகிறது. நம் பாட்டிமார் காலத்திலோ, வலி கண்ட பிறகுதான் மருத்துவச்சிக்கு ஆள் போகும். இந்த மாற்றத்தை, 'படிப்பு வந்தது. அறியாமை போயிற்று' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. நம் சமுதாயப் பெண்களைப் பொறுத்தவரை அதன் தொடக்கத்தைச் சென்னையில்தான் தேட வேண்டும்.

பாரிஸ்டரான தம் கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தவர் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி. முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் பேறுகாலத்தில் ஆண் மருத்துவரிடம் செல்ல இசையாமல் உயிரிழப்பதை அவர் இங்கே அறிந்தார். அதற்காக அப்பெண்களைக் கடிந்துகொண்டு அவர் நின்றுவிடவில்லை. தாமே மருத்துவம் படிக்கத் துணிந்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஷார்லீப்பும் ஒருவர். பின்னர் இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவரது முயற்சியால் 1885இல் ஒரு மருத்துவமனை பிறந்தது. விக்டோரியா அரசியின் பெயர் தாங்கிய அது, 'சாதி, கோஷா மகளிருக்கான மருத்துவமனை' எனப்பட்டது. கோஷா என்பது பர்தா முறைக்குத் தென்னிந்தியாவில் வழங்கிய பெயர். இன்று அது அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. ஆயினும் திருவல்லிக்கேணியில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று கேட்டால்தான் பலருக்கு வழி தெரியும்.

அந்தப் பெயரே ஒரு வரலாற்றுச் சான்று. மருத்துவத்தை வேண்டாம் என்று சொன்னவர்களாக நம் முன்னோர் பெண்களைச் சித்திரிப்பது வழக்கம். அவர்கள் மறுத்தது மருத்துவத்தை அன்று. அது கிடைத்த விதத்தைத்தான். பெண் மருத்துவரும் மறைவான இடமும் அமைந்தபோது அவர்கள் வந்தார்கள். மார்க்கம் தடுத்தது என்ற பேச்சு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பது வேறு கதை.

ஆனால் வலி வந்தபின் வருவது ஒன்று. வலி வருமுன் பல மாதங்கள் வந்துபோவது வேறொன்று. கர்ப்ப காலத்திலேயே தாயைக் கவனிக்க வேண்டும் என்ற கருத்து மேலை நாட்டு மருத்துவத்திற்கே புதிது. எடின்பரோவைச் சேர்ந்த பாலன்டைன் என்னும் மருத்துவர் 1901இல்தான் கர்ப்பிணிகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று எழுதினார்.

அந்தக் கவனிப்பின் தேவையை நம் நாட்டில் உணர்த்திய ஆய்வுகளுள் ஒன்று நம் பெண்களைப் பற்றியதே. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளைக் கொல்லும் கடும் இரத்தசோகையை ஆராயப் பம்பாய்க்கு வந்தார். ஏழை முஸ்லிம் பெண்களிடையே அந்நோய் மிகுதியாக இருப்பதைக் கண்டார். வீட்டினுள் அடைந்திருப்பதே காரணம் என்று எளிதாக எழுதியிருக்கலாம். அவரோ அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று பார்த்தார். அப்பெண்கள் உண்ட உணவையே எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். விலை மலிந்த ஈஸ்ட் சாறான மார்மைட் அந்தச் சோகையைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் பணியாற்றிக்கொண்டிருந்தது சென்னைக் கோஷா மருத்துவமனையில்!

விராலிமலை அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மன்னர் கல்லூரியில் திரைக்குப் பின்னே அமர்ந்து படித்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இன்று கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு உதவி அவர் பெயரில்தான் வழங்குகிறது. 2006இல் 6,000 ரூபாயாக உயர்ந்த அத்தொகை, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பொருள்களையும் சேர்த்து 18,000 என வளர்ந்தது. 12 வாரத்திற்குள் பதிவு செய்தால் ஒரு தவணை என்ற நிபந்தனை, எத்தனையோ அறிவுரைகள் செய்யாததைச் செய்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில் நிகழ்கின்றன. ஏறத்தாழ 90 விழுக்காட்டுத் தாய்மார் நான்கு முறையேனும் பரிசோதனைக்குச் சென்றிருக்கிறார்கள்.

எஞ்சிய தடைகள் வீட்டுக்குள் இருக்கின்றன. கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். மருமகளை அழைத்துச் செல்ல மாமியாருக்கு நேரம் வாய்க்க வேண்டும். முதல் பிரசவத்திற்குத் தாய்வீடு அனுப்பும் நம் வழக்கம் அன்பானதுதான். ஆனால் ஊர் மாறும் அந்த வாரங்களில், புது ஊர்ச் செவிலியரிடம் சொல்ல மறந்து, ஒரு பரிசோதனை விட்டுப்போகிறது. நோன்பில் கர்ப்பிணிக்கு மார்க்கம் தந்த சலுகையைக்கூட 'ஊர் என்ன சொல்லும்' என்று தயங்கி விடுவோர் உண்டு. எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்பவள் பெரும்பாலும் கர்ப்பிணிதான்.

அதே ஆய்வு தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இரத்தசோகை என்கிறது. பரிசோதனைக்குப் போகிறார்கள், மாத்திரையும் வாங்கி வருகிறார்கள். மலம் கறுக்கிறது, குமட்டுகிறது, பிள்ளை பெருத்துவிடும் என்று அண்டை வீட்டார் சொல்கிறார்கள்; அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. அதில் இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு, கோஷா மருத்துவமனைக் காலத்தில், மார்மைட்டுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் லூசி வில்ஸ் அறிந்திருந்த பொருள் அதுதான்.