கீழூர் வாக்கும் புதுச்சேரித் தன்னாட்சியும்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் புதுச்சேரியும் காரைக்காலும், கேரளக் கரையில் மாகேயும், கோதாவரி டெல்டாவில் ஏனாமும் என நான்கு துண்டுகளாக, ஏறத்தாழ 490 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசம். புதுச்சேரி வட்டாரம்கூடத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஊடே கிடக்கும் பல திட்டுகளின் தொகுப்பே. இந்த விசித்திரமான எல்லைகளில் மலைக்கோ ஆற்றுக்கோ பெரிய பங்கில்லை. பிரெஞ்சுக் கம்பெனி உள்ளூர் ஆட்சியாளர்களிடம் பெற்றவையும், ஆங்கிலேயரிடம் போரில் இழந்து உடன்படிக்கைகளால் மீட்டவையுமே அவற்றை வகுத்தன.

இந்தியா விடுதலை பெற்ற பின்னும் இத்துண்டுகள் பிரான்சிடமே இருந்தன. வங்காளத்துச் சந்திரநாகூரில் 1949இல் மக்களே நேரடியாக வாக்களித்து இந்தியாவுடன் சேர்ந்தனர்; புதுச்சேரியிலோ, நகருக்கு மேற்கே உள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது; ஆனால் 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்சு, அதை உறுதிப்படுத்த அப்போது தயங்கியது.

அந்த ஒப்பந்தத்தின் ஒரு விதிதான் இன்றைய தன்னாட்சிக்கு வேர். இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும் என்றும், அதில் மாற்றம் செய்வதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது. 1963இல் யூனியன் பிரதேசங்களின் அரசாங்கச் சட்டத்தின்படி 30 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட சட்டப்பேரவை அமைந்தது. 1979இல் புதுச்சேரியைத் தமிழ்நாட்டுடன் இணைக்கும் யோசனை எழுந்தபோது தெருக்கள் கொந்தளித்தன. மொழி ஒன்றாயினும் ஆட்சி வேறு என்பதில் புதுச்சேரித் தமிழர் உறுதியாக நின்றது கவனிக்கத்தக்கது. அதே ஆண்டில்தான் ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் மக்கள் கெர்னிக்கா சட்டத்தின் வழியே தமக்கெனப் பாராளுமன்றமும் அரசும் பெற்றனர். அவர்களின் மாகாணங்கள் வரிகளைத் தாமே வசூலித்து, மத்திய அரசுக்கு உரிய பங்கை மட்டும் செலுத்துகின்றன. புதுச்சேரியில் நிலைமை நேர்மாறு: பேரவை இருந்தும், ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை அதன் முன் வைப்பதற்கே டெல்லியின் முன் ஒப்புதல் வேண்டும்.

இந்த அரசியல் வரலாறு வெளியாரின் கண்ணில் படுவது அரிது. சுற்றுலாப் பயணி காணும் புதுச்சேரி பெரும்பாலும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள உயர்ந்த மதில்களோடும் கடற்கரைச் சாலையோடும் முடிந்துவிடுகிறது. 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய நகரைப் பிரெஞ்சுக்காரர் 1765 முதல் பழைய தெருக்கோடுகளின் மீதே எழுப்பினர் என்பதையும், அந்த மதில்களின் வயது அதனால் குறைவே என்பதையும் வழிகாட்டிகள் அரிதாகவே சொல்வர். வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதி போன்ற தெருக்களில், கீழ்த்தளத்தில் திண்ணையும் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், மாடியில் பிரெஞ்சுப் பாணி வளைவுச் சன்னல்களும் கொண்ட வீடுகளில்தான் இரு மரபுகளும் ஒரே சுவரில் சந்திக்கின்றன. 1954இன் வாக்கெடுப்பு நடந்த கீழூரின் நினைவிடத்துக்கு வருவோரும் மிகக் குறைவு. ஆகஸ்ட் 16 அன்று மட்டும் அரசு விழாவுக்காக அங்கே கொடி ஏறுகிறது. தன்னாட்சிக் கோரிக்கையோ அந்த விழாவோடு முடிந்துவிடவில்லை: முழு மாநிலத் தகுதி கோரும் தீர்மானங்களைப் பேரவை பலமுறை நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பியிருக்கிறது.